கடைமடை காய்வதேன்?

புதுவை நாட்டு ஏரிகளுள் ஊசுட்டேரிக்கு அடுத்த பெருமை உடையது பாகூர் ஏரி. பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் அதற்குக் கொணர்ந்து சேர்க்கும். அவ்வேரியின்கீழ் உழுதுண்டு வாழ்ந்தவர் என் தாயைப் பெற்ற பாட்டனார். ஏரி நிறைந்திருக்கவும் கடைமடைக் கழனி காயுமாயின் ஊரார் உடனே மதகுக்காரனை ஏசத் தொடங்குவர். பாட்டனாரோ ஒன்றும் பேசாது மண்வெட்டியைத் தோளிலிட்டு, தம் கழனியின் வாய்மடையிற் றொடங்கி, வரப்பு வழியே ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டு மதகு வரையிற் செல்வார். அடைப்பு பெரும்பாலும் மதகில் இராது. இரண்டு வயலுக்கு அப்பால் நண்டுவளை வழியே நீர் ஒழுகிப்போயிருக்கும். அல்லது வாய்க்காலிற் கோரை மண்டியிருக்கும். சில வேளைகளில் தம் கழனி வாயைத் தாமே முதல்நாள் அடைத்துவிட்டு மறந்திருப்பார்.

இவ்வொழுங்கு எனக்குக் கைகொடுத்த இடம் கணினி வலை. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் ‘டார்’ என்னும் வலைக்குத் தொண்டாக ஓர் அஞ்சற்கணினியை நடத்தி, அதனால் நேர்ந்த அடைப்புகளிற் சிக்கி, வீட்டாருக்கும் இடர் விளைத்து, பின்னர் ஒருவாறு வழிகண்டவன் என்ற முறையில் இதனை எழுதத் துணிந்தேன். நம் விடுதி மாணவருள் இத்தொண்டில் விருப்புடையார் சிலர் உளர். அவர்க்கேனும் இது பயன்படுமென நம்புகின்றேன்.

அஞ்சற்கணினி யாது?

அஞ்சல் என்னுஞ் சொல் இன்று கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும். ஒருவன் கொணர்ந்ததை மற்றொருவன் வாங்கி மேற்செல்லும் தொடர்முறையும் அச்சொல்லுள் அடங்கியுள்ளது. விளையாட்டுத் திடலில் ‘அஞ்சலோட்டம்’ என்று வழங்குவது இப்பொருள் பற்றியே. பண்டைத் திருவிதாங்கூரில் அஞ்சற்காரர் மணி கட்டிய கோலுடன் ஓடிக் கடிதப் பையைக் கைமாற்றிய செய்தி பலரும் அறிந்ததாகும். பைக்குள் உள்ளது யாதென அவர் அறியார், அறியவும் முயலார். ‘ரிலே’ எனப்படும் அஞ்சற்கணினியின் தொழிலும் இதுவே.

டார் வலையின் வித்து, 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் இடப்பட்டது. 2002-இல் அவ்வலை இயங்கத் தொடங்கிற்று. 2006-இல் ‘டார் புராஜெக்ட்’ என்னும் ஆதாயம் கருதா நிறுவனம் தோன்றி இன்றளவும் அதனைப் பேணி வருகின்றது. ஒருவர் ஓர் இணையப் பக்கத்தைக் காண விழையும்போது அவர் விண்ணப்பம் மூன்று அஞ்சற்கணினிகள் வழியே செல்லும். செய்தியானது வெங்காயத்தின் தோல்போல மும்மடி மறைபொதியாகப் பொதியப்பட்டிருக்கும். ஒவ்வொரு கணினியும் ஒரு தோலை மட்டும் உரிக்கும். முதற்கணினி அனுப்பினவரை அறியும், சேருமிடத்தை அறியாது. இடைக்கணினி இரண்டனையும் அறியாது. கடைக்கணினி சேருமிடத்தை அறியும், அனுப்பினவரை அறியாது. இத்தகைய கணினிகள் உலகெங்கும் சில ஆயிரம் உள. அவற்றை நடத்துவோர் கூலி பெறாத் தொண்டரே.

இத்தொண்டு யாருக்குப் பயன்படும் என வினவலாம். கணவனின் கொடுமைக்கஞ்சி ஒளிந்து வாழும் பெண்ணுக்கும், தன் நோயைப் பிறரறியாது கேட்டறிய விரும்பும் நோயாளிக்கும், ஊழலைத் தேடும் செய்தியாளருக்கும் பயன்படும். 2021 டிசம்பரில் உருசிய நாடு டார் வலையைத் தடுக்கத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் ஈரானில் இணையத் தடைகள் மிக்கபோது அந்நாட்டு மக்கள் பெருந்தொகையினர் இவ்வலையை நாடினர். நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்.

எங்கள் வட்டாரத்தின் முன்னோடிகள்

செய்தியைக் கைமாற்றும் தொண்டு எங்கள் வில்லியனூர்க்குப் புதியதன்று. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுவைச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கினர். அவற்றிற்கு நடுநிலையமாக அமைந்தது வில்லியனூரே. தொலைபேசிக் கம்பி நம்பத்தகாத இடங்கட்கு வானொலி அலைவழியாகவும், மின்சாரம் நம்பத்தகாத இடங்கட்குக் கதிரொளி மின்கலங்களாலும் செய்தி சென்றது. வீராம்பட்டினத்து மீனவர்க்குரிய கடலலை உயரச் செய்தி அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தினின்று எடுக்கப்பட்டு, வில்லியனூர் வழியாகச் சென்று, கரையிலே ஒலிபெருக்கியில் முழங்கிற்று. அச்சங்கிலியில் எக்கண்ணி அறினும் கடற்கரை ஊமையாகும். எக்கண்ணி அற்றது என்பதை முறையே தேடினாலன்றித் திருத்தவும் இயலாது.

அடைப்புக்கும் எங்கள் ஊரில் பழைய சான்று உண்டு. பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ் 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை புதுவையினின்று வெளிவந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சகத்திற்குத் தடையில்லை. எழுதும் கைக்கும் தடையில்லை. ஆங்கிலேய அரசினர் தம் எல்லைக்குள் இதழ் புகாதவாறு தடுத்தனர். சந்தாதாரர் கைக்கு எட்டாத இதழ் நின்றது. அச்சுப்பொறியை எத்துணைப் பழுதுபார்த்தாலும் அவ்வடைப்பு நீங்கியிராது. அடைப்பு எவ்விடத்தது என்று அறிவதே மருந்தின் முதற்பாதி என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

எனக்கு நேர்ந்தது

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள எங்கள் வீட்டில், பழைய கணினி ஒன்றில் இடைக்கணினித் தொண்டைத் தொடங்கினேன். இருநாட் போராட்டத்தின்பின் அது வலையில் இணைந்தது. பெருமகிழ்வுடன் கல்லூரிக்குத் திரும்பினேன். வீட்டாரிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூலையில் ஒரு பெட்டி எரிவதை அவர்களும் பொருட்படுத்தவில்லை.

சில திங்கள் கழித்து என் தங்கை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முயன்றாள். ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கம் எங்கள் வீட்டு இணைப்பிலே மட்டும் திறக்க மறுத்தது. தந்தையார் இணைப்புக் குழுமத்தாரை அழைத்தார். கம்பியைச் சோதித்த ஊழியர் குற்றமில்லை என்று கூறிச் சென்றார். இவ்வாறே நாட்கள் கழிந்தன. இறுதி நாள் மாலையில் தந்தையார் அவளை வண்டியிலேற்றிக்கொண்டு வில்லியனூர்க் கடைத்தெருவிற்குச் சென்று, ஒரு கணினிக் கடையிலிருந்து விண்ணப்பத்தை அனுப்பச் செய்தார். நேரம் முடிய ஒருமணிப் பொழுதே எஞ்சியிருந்ததாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதனைக் கேட்டபோது எனக்குத் திடுக்கிட்டது. அப்போதுதான் பாட்டனார் முறையைக் கைக்கொண்டேன்.

ஐந்து மடைகள்

முதல் மடை நம் கணினியே. இங்கு முதலிற் பார்க்க வேண்டுவது கடிகாரம். கணினியின் நேரம் பிழையாயின் டார் வலை அதனை ஏற்றுக்கொள்ளாது. பழைய கணினிகளில் உள்மின்கலம் தேய்ந்து நேரம் பின்தங்குதல் இயல்பு. அடுத்துப் பார்க்க வேண்டுவது ‘பயர்வால்’ என்னும் காவல் நிரல், நாம் குறித்த போர்ட்டைத் திறந்துள்ளதா என்பது. போர்ட் என்பது எண்ணிட்ட கதவு. அஞ்சற்கணினிக்கு 9001 அல்லது 443 என்னும் கதவைப் பலர் கொள்வர். கணினி தன் கதவு வெளியுலகிற்கு எட்டுகின்றதா என்று தானே சோதித்துக் குறிப்பேட்டில் எழுதும். அக்குறிப்பைப் படியாமல் வேறெதையும் செய்தல் வீண்.

இரண்டாம் மடை வீட்டு ரூட்டர். வெளியிலிருந்து வருவோரை எந்தக் கணினியிடம் அனுப்புவது என்பதை அதற்கு நாம் சொல்லிவைத்தல் வேண்டும். வீட்டுக்குள் அக்கணினியின் எண் மாறாதிருக்கவும் செய்தல் வேண்டும். மின்சாரம் நின்று வந்தபின் அவ்வெண் மாறிவிட்டமையே என் முதல் இருநாட் போராட்டத்திற்குக் காரணமாயிருந்தது.

மூன்றாம் மடை குழுமத்தாரின் இணைப்பு. பல வீடுகட்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ரூட்டர் தன் முகவரியெனக் காட்டும் எண்ணையும், வெளியுலகம் நம் முகவரியெனக் காணும் எண்ணையும் ஒப்பிடுக. இரண்டும் வேறாயின், அல்லது ரூட்டரின் எண் 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதியிற் றொடங்குமாயின், நாம் பகிர்வு முகவரியில் உள்ளோம் என்பது வெளிப்படை. அந்நிலையில் வெளியார் நம் கதவைத் தட்டவே இயலாது. ரூட்டரை எத்துணை முறை திருத்தினும் பயனில்லை. தனி முகவரி தருமாறு குழுமத்தாரைக் கேட்டல் வேண்டும். ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரி மட்டும் இருப்பின் போதாது; அஞ்சற்கணினிக்கு நான்காம் பதிப்பு முகவரி இன்றியமையாதது.

நான்காம் மடை இடைவழி. குழுமத்தாரோ அரசினரோ டார் வலையையே மறித்திருக்கலாம். அதே இணைப்பில் டார் உலாவியைத் திறந்து பார்க்க. அங்கே நின்று, கைப்பேசி இணைப்பில் ஓடுமாயின் இணைப்பிலே தடையுண்டு. தடையிலும் வகைகள் உள. தளங்களின் பெயரேட்டைத் திருத்திப் பொய்விடை தருவது ஒருவகை. இணைப்பின் தொடக்கத்தில் வெளிப்படும் தளப்பெயரைப் படித்துத் துண்டிப்பது மற்றொரு வகை. நம் நாட்டில் இவ்விருவகையும் வழங்குதலைப் பெங்களூரின் இணைய–சமூக ஆய்வு நடுவத்தைச் சார்ந்த ஆராய்ச்சி ஒன்று 2020-இல் விளக்கியது. இவ்விருவகையும் இணையத் தளங்களைத் தடுக்குமேயன்றி அஞ்சற்கணினிகளை நேரே தடுக்கமாட்டா. அவை ஒன்றையொன்று எண்ணால் அழைப்பன. எண்ணையே மறிக்கும் இணைப்பில் அஞ்சற்கணினி நடத்துதல் பிறர்க்குத் தீங்காகும். அதன் வழியே வந்த செய்தி பாதியில் நிற்கும்.

ஐந்தாம் மடை, சேருமிடம். அஞ்சற்கணினிகளின் முகவரிகள் ஒரு பொதுப் பட்டியலில் மணிக்கொருமுறை வெளியிடப்படுகின்றன. கடைக்கணினி வழியே தீயோர் சிலர் வந்து குறும்பு செய்வதால், தளக் காவலர் பலர் அதன் முகவரியை மறுக்கின்றனர். அம்மறுப்பிற்கு நியாயம் உண்டு. ஆனால் சிலர், இடைக்கணினிக்கும் கடைக்கணினிக்கும் வேறுபாடு காணாது பட்டியலிலுள்ள முகவரி அனைத்தையும் மறுத்துவிடுகின்றனர். இடைக்கணினியின் வழியே எவரும் எத்தளத்திற்கும் வெளியேறுவதில்லை என்பதை அவர் கருதுவதில்லை. அதன் பயனாக, அம்முகவரியைக் கொண்ட வீட்டில் உள்ளோர் அனைவரும் வெளியே நிறுத்தப்படுவர். என் தங்கைக்கு நேர்ந்தது இதுவே. அப்பக்கம் கைப்பேசி இணைப்பிலே திறந்தது, வீட்டிணைப்பில் மறுத்தது. அஞ்சற்கணினியை நிறுத்தினேன், அப்போதும் மறுத்தது. மறுப்புப் பட்டியல்கள் சில நாள் பழையதை நினைவில் வைத்திருக்கும். ரூட்டரை அணைத்து ஏற்றிப் புதிய முகவரி பெற்றவுடன் பக்கம் திறந்தது. ஐயம் தீர்ந்தது.

இவ்வைந்தும் சீராயிருந்தும் புதிய கணினியில் போக்குவரத்து மிகக் குறைவாயிருப்பது கண்டு அடைப்பென்று மயங்குவாரும் உளர். முதல் மூன்று நாட்கள் அது அளக்கப்படாத நிலையிலிருக்கும். எட்டு நாட்களின்பின்னரே முதற்கணினியாகும் தகுதியை நோக்கி வளரத் தொடங்கும். முழுப்பயன் பெற அறுபத்தெட்டு நாட்கள் வரையிற் செல்லும். புதுக் கழனியில் முதல் நீர் மண்ணுக்குள்ளேயே மறைவது போல்வது இது. பொறுமையே அதற்கு மருந்து.

மாற்று வழி

இனிச் செய்யத்தக்கன எவை? வீட்டு இணைப்பில் கடைக்கணினியை எக்காலும் நடத்தலாகாது. பிறர் செய்த தீங்கிற்கு நம் கதவு தட்டப்படும். முகவரி மறுப்பு நேருமாயின் இடைக்கணினியையும் வீட்டினின்று விலக்குக. அதற்கு மாறாகப் ‘பிரிட்ஜ்’ என்னும் பாலக்கணினியை வைக்கலாம். இது பொதுப் பட்டியலில் இடம்பெறாது. தடையுள்ள நாட்டார்க்கு மட்டும் மறைவாக அறிவிக்கப்படும். முன்னர் அஞ்சற்கணினியாயிருந்த முகவரியில் இதனைத் தொடங்குதல் தவறு; அம்முகவரியைத் தடுப்போர் முன்னரே அறிவர். புதிய முகவரி பெற்றுத் தொடங்குக. 9001 என்னும் கதவையும் தவிர்க்க. தடுப்போர் முதலில் தட்டிப் பார்ப்பது அதனையே. அஞ்சற்கணினிக்கு நொடிக்குப் பத்து மெகாபிட்டேனும் வேண்டும். பாலக்கணினிக்கு ஒரு மெகாபிட்டே போதும். இதுவும் இயலாதார்க்கு ‘ஸ்னோஃபிளேக்’ உண்டு. உலாவியில் ஒரு சிறு துணைநிரலைச் சேர்த்தால், நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே வேற்று நாட்டார் ஒருவர்க்கு அது வழிவிடும்.

இடைக்கணினியே நடத்த விரும்புவோர், உடையவர் இசைவு பெற்று, வாடகைக் கணினியில் நடத்துக. நம் நாட்டு வாடகைக் கணினி நிறுவனங்கள் பயனாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருத்தல் வேண்டுமென 2022 ஏப்ரல் 28-ஆம் நாளிட்ட அரசு ஆணை விதித்துள்ளது. ஆதலின் தொடங்குமுன் சட்டம் அறிந்தாரைக் கேட்டல் நலம். கல்லூரி வலையிலோ, இசைவின்றி ஒன்றும் செய்தலாகாது.

தளக் காவலர்க்குப் பணிவாக எழுதுவதும் ஒரு வழியே. கடைக்கணினிகளின் பட்டியலை டார் நிறுவனத்தாரே தனியாக வெளியிடுகின்றனர். அதனை மட்டும் மறுத்தால் போதும் என்று எடுத்துக்காட்டலாம். ஒன்றை அடைக்கப் புகுந்து ஊரையே அடைத்த கதை நம் நாட்டிலும் உண்டு. 2012-இல் ‘3’ என்னும் திரைப்படத்தைத் திருட்டுப் படிகளினின்று காக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெறப்பட்டது. அதனைக்கொண்டு இணைப்புக் குழுமங்கள் விமியோ முதலிய தளங்களை முழுவதுமே மூடிவிட்டன. அவ்வாண்டு ஜூன் திங்களில் நீதிமன்றம், குறித்த பக்கங்களுக்கு மட்டுமே ஆணை செல்லும் எனத் தெளிவாக்கியது. கோரையைக் களைய வாய்க்காலையே தூர்ப்பது உழவாகாது.

முடிவுரை

இவ்வளவும் எழுதியபின் என் பிழையை மறைத்தல் தகாது. தளக் காவலர் சோம்பல் ஒருபுறம் இருக்கட்டும். முதல் அடைப்பை இட்டவன் யானே. தந்தையார் என்மேற் சினக்கவில்லை. “தம்பி, நீ செய்வது தருமமாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டு வாயிலை வைத்துச் செய்யுமுன் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையார்க்கு உடைத்த கதையாயிற்று என் தொண்டு. அறியாத ஈரானியர்க்குக் கதவு திறந்த யான், உடன்பிறந்தாள்முன் கதவு மூடியதை அறியாதிருந்தேன்.

இன்று எங்கள் வீட்டில் ஒரு பாலக்கணினி இயங்குகின்றது. வீட்டார் அனைவரும் இசைந்தபின் வைத்தது. தங்கைக்கு வேண்டிய பக்கங்கள் யாவும் திறக்கின்றன. ரூட்டரின் அருகே, தந்தையார் சொற்படி, ஒரு தாள் ஒட்டியிருக்கின்றேன். அதில் மூன்றே வரி: இப்பெட்டி யாது, எதற்கு, இடர் நேரின் எப்பொத்தானை அழுத்தி நிறுத்துவது. அஞ்சற்கணினி நடத்த விழையும் நண்பர்காள், நிரலை நிறுவுமுன் அத்தாளை எழுதி ஒட்டுங்கள். பின்னர் அடைப்பு நேரின் மண்வெட்டியுடன் உங்கள் கழனி வாயிலிருந்தே தொடங்குங்கள்.